கல்யாண வரவேற்பு: பேக்கேஜா, உதிரியா? சாப்பிட்ட தலைக்குக் கணக்குப் பார்க்கும் முறை

தங்கை மகளின் வரவேற்பு முடிந்த இரவு, ஹோட்டலின் பின்கட்டில் நின்று, கழுவப் போட்டிருந்த சாப்பாட்டுக் கோப்பைகளை எண்ணினேன். பரிமாறிய பையன்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கோட்டும் சூட்டுமாக வந்த வாத்தியார் எச்சில் கோப்பை எண்ணுகிறாரே என்று. 312 கோப்பைகள். எல்லாவற்றையும் தலைக்கு இவ்வளவு என்று ஹோட்டலே செய்து தரும் பேக்கேஜ் அது; நாங்கள் உறுதி கொடுத்திருந்ததோ 400 பேருக்கு. வந்து சாப்பிடாத 88 பேருக்கும் சேர்த்துத்தான் மறுநாள் காலை மச்சான் பணம் கட்டினார்.

இரண்டு வருடம் கழித்து என் மகனின் வரவேற்பு. பட்டது போதும் என்று எல்லாவற்றையும் உதிரியாக எடுத்தேன். மண்டபம் ஒருவர், சோடனை இன்னொருவர், சமையல் வேறொருவர். 300 பேருக்குச் சமைத்தோம். வந்தவர்கள் 360. ஒன்பது மணிக்குச் சமையல்காரர் தோளில் துவாயோடு வந்து, "சேர், சோறு அடிப்பிடியில் நிற்கிறது. இனி உலை வைத்தால் பத்தரை ஆகும்" என்றார். டவுனில் திறந்திருந்த கடைகளுக்கெல்லாம் ஓட்டோ அனுப்பி ஃப்ரைட் ரைஸ் பார்சல் எடுத்தோம். சம்பந்தி வீட்டாரில் நாலு பேருக்கு அந்தப் பார்சல்தான் கிடைத்தது. பேரப்பிள்ளை பிறந்துவிட்டான், அவர்கள் இன்னும் அதை மறக்கவில்லை.

இந்த இரண்டு இரவுகளும் எனக்குக் காட்டியது ஒன்றுதான். எதிர்பார்த்ததைவிடக் குறைந்த ஆள் வந்தால் பேக்கேஜ் அடிக்கும். கூடிய ஆள் வந்தால் உதிரி அடிக்கும். ஆகவே எது மலிவு என்ற கேள்விக்குக் கொட்டேஷனில் பதில் கிடையாது. உங்கள் அழைப்பிதழ்ப் பட்டியலில்தான் இருக்கிறது. அதன் பிறகு சொந்தத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் என் கணக்குக் கொப்பியைக் கேட்டு வருகிறார்கள். அதில் உள்ள முறையைத்தான் இங்கே வரிசையாகத் தருகிறேன்.

முதல் வேலை: தலைக்கணக்கு

மண்டபம் பார்க்கப் போவதற்கு முன் இதை முடியுங்கள். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். மண்டபத்தைப் பார்த்து, "இதில் 500 பேர் பிடிக்கும்" என்று கேட்டு, 500 அழைப்பிதழ் அடிக்கிறார்கள்.

நமது மட்டக்களப்புப் பக்கத்தில் அழைப்பிதழில் "குடும்பத்துடன்" என்றுதான் எழுதுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பேரும் இருக்கலாம், ஏழு பேரும் இருக்கலாம். வருவீர்களா என்று திருப்பிக் கேட்கும் பழக்கமும் நமக்கு இல்லை. கேட்டால், "ஏன், வரவேண்டாம் என்கிறார்களா?" என்று கோபிப்பார்கள். எனவே ஊகிக்கத்தான் வேண்டும், ஆனால் ஒழுங்காக ஊகிக்கலாம்.

ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு அழைப்பிதழுக்கும் ஒரு வரி எழுதுங்கள். அதை மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். முதல் கூட்டம் இரத்த உறவும் சம்பந்தி வீடும். இவர்கள் குடும்பமாக வருவார்கள், வீட்டில் எத்தனை பேரோ அத்தனையும் எழுதுங்கள். இரண்டாவது, அயலும் ஊரும். பகல் வைபவம் என்றால் முழுக்குடும்பம், இரவு என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர். மூன்றாவது, அலுவலகம், பாடசாலை, தூரத்து நண்பர்கள். இவர்களில் தனியாக வருபவர்கள்தான் அதிகம். பாதிப்பேர் கடித உறையை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிடுவார்கள்.

தூரமும் ஒரு கணக்கு. மட்டக்களப்பு டவுனில் இருப்பவர்களைப் பாசிக்குடாவுக்கு அழைத்தால் வடக்கே 35 கிலோமீற்றர் அளவில் போகவேண்டும். களுவாஞ்சிக்குடி, கல்முனை ஆட்களுக்கு அது இன்னும் நீளும். கடற்கரையில் மேடை அழகாகத்தான் இருக்கும். ஆனால் இரவு பஸ் இல்லாத வயதான மாமிமார் வரமாட்டார்கள். நீங்கள் பஸ் பிடித்துக் கொடுத்தால் வருவார்கள், அப்போது பஸ் கூலி உங்கள் கணக்கில்.

கடைசியில் இரண்டு எண்கள் கையில் வரவேண்டும்: கட்டாயம் வருவோர், எல்லோரும் வந்தால் வருவோர். என் மகன் கல்யாணத்தில் இரண்டாவது எண்ணை நான் எழுதவேயில்லை.

இரண்டாவது வேலை: பேக்கேஜை அவிழ்த்துப் பார்ப்பது

ஹோட்டல்காரர் தரும் தாளில் தலைக்கு இவ்வளவு என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதன் பக்கத்தில் சிறிதாக இரண்டு கூட்டல் குறிகள் நிற்கும். முழு விஷயமும் அந்தக் குறிகளில்தான் இருக்கிறது. ஒன்று 10 வீத சேவைக் கட்டணம். மற்றது வரி. 2024 ஜனவரி முதல் வற் எனும் பெறுமதி சேர் வரி 18 வீதம். 5,000 ரூபாய் என்று பார்த்துச் சந்தோஷப்பட்ட சாப்பாடு, இரண்டையும் போட்டால் குறைந்தது 6,400. சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகையின் மேல் வரியைப் போட்டால் 6,490. சில இடங்கள் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி என்று இன்னொரு 2.5 வீதத்தையும் தனியாகக் காட்டும். ஆகவே "எல்லாம் சேர்த்து, பில்லில் கடைசியாக வரும் தொகை தலைக்கு எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை அதே தாளில் அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது கல்யாணத்துக்கு மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

வரி கேட்பவரிடம் வற் பதிவு இலக்கம் பில்லில் வருமா என்றும் கேளுங்கள். பதிவு இல்லாதவர் அந்த வரியை அறவிட முடியாது.

அடுத்தது, குறைந்தபட்ச எண்ணிக்கை. எத்தனை பேருக்கு உறுதி கொடுக்கவேண்டும், அதை எந்தத் திகதி வரை குறைக்கலாம், எத்தனை குறைக்கலாம்? மச்சான் விட்ட பிழை இங்கேதான். மூன்று மாதம் முன்பு சொன்ன 400 என்பதை வைபவத்துக்குப் பத்து நாள் முன்பு வரை குறைக்க அனுமதி இருந்தது. யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. உறுதியைக் கட்டாயம் வருவோர் எண்ணுக்கு அருகில் வைத்து, மேலே எத்தனை பேர் வரை அதே விலைக்குத் தருவார்கள் என்று பேசுவதுதான் புத்தி. வழக்கமாக ஹோட்டல் கொஞ்சம் கூடுதலாகவே சமைக்கும், ஆகவே அதற்கு இணங்குவார்கள்.

அதன் பின் பேக்கேஜுக்குள் இருப்பதாகச் சொல்லும் பொருட்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மேடைச் சோடனை என்றால் நிஜப் பூவா, துணிப் பூவா? படத்தில் காட்டிய மேடையா, அல்லது "அடிப்படை" மேடையா? கேக் வெட்டிப் பரிமாறவா, மேசையில் வைத்துப் படம் எடுக்க மட்டுமா? மண்டபம் எத்தனை மணித்தியாலம், கூடினால் மணிக்கு எவ்வளவு? நம்முடைய வைபவம் எதுவும் சொன்ன நேரத்தில் தொடங்கியதில்லை. மணமக்கள் அலங்காரம் முடிந்து வரவே ஒரு மணித்தியாலம் போய்விடும். கூடுதல் ஒரு மணித்தியாலத்தை இப்போதே கணக்கில் போட்டுவிடுங்கள். வெளியிலிருந்து புகைப்படக்காரரையோ சோடனைக்காரரையோ கொண்டுவந்தால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும் இடங்களும் உண்டு.

மூன்றாவது வேலை: உதிரிப் பட்டியல்

உதிரியில் மலிவு தெரிவதற்குக் காரணம், பாதிச் செலவு பட்டியலில் ஏறாததுதான். மண்டபம், சாப்பாடு, சோடனை, கமெரா என்று நாலு வரி எழுதிக் கூட்டிப் பார்த்து, "ஹோட்டலில் பாதிதானே!" என்பார்கள். விடுபடுவது இவை: ஜெனரேட்டரும் டீசலும், மண்டபம் கழுவும் கூலி, உடைந்த கோப்பைக்கும் தொலைந்த கரண்டிக்கும் வாடகைக்காரர் பிடிக்கும் காசு, பரிமாறும் பையன்கள், குடிநீர், ஐஸ், கதிரைக்குத் துணி, வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒருவர், சமையல் சாமான் ஏற்றிய வான், மீதிச் சாமானைத் திருப்பி ஏற்றும் அதே வான். பாட்டுப் போடுவதென்றால் ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியும் நீங்கள்தான் எடுக்கவேண்டும்.

சமையலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தலைக்கு இவ்வளவு என்று முழுச் சாப்பாட்டையும் பொறுப்புக் கொடுப்பது. மற்றது, வெற்றிலை பாக்கு வைத்து ஒரு சமையல்காரரை அழைத்து, அவர் எழுதித் தரும் சாமான் துண்டைப் பார்த்து வாங்கிக் கொடுத்து, கூலி மட்டும் கொடுப்பது. இரண்டாவதுதான் ருசியும் மலிவும். ஆனால் அந்தத் துண்டு இருக்கிறதே, அது ரப்பர் மாதிரி. காலையில் 40 கிலோ அரிசி, பத்து மணிக்கு "இன்னும் ஒரு போத்தல் நெய்", பதினொன்றுக்கு "கஜு போதாது", பின்னேரம் "வாழையிலை யாரும் சொல்லவில்லையா?" சமையல்காரர் ஒவ்வொருமுறையும் ஒரு ஆளைக் கடைக்கு ஓடவைப்பார். அந்த ஆள் பெரும்பாலும் மாப்பிள்ளையின் தம்பியாக இருப்பான். அவனைக் குளித்து உடுத்த கோலத்தில் ஒரு படத்திலும் பார்க்க முடியாது.

அளவுக்கு ஒரு கை உதவி: பாஸ்மதிப் புரியாணி என்றால் ஒரு கிலோ அரிசி ஏழெட்டுப் பேருக்கு. கோழி, வெட்டிச் சுத்தம் செய்த நிறையில், ஒரு கிலோ ஐந்தாறு பேருக்கு. 300 பேருக்கு 40 கிலோ அரிசியும் 55 கிலோ கோழியும் என்று சமையல்காரர் சொன்னால் சரியாகத்தான் சொல்கிறார். 70 கிலோ அரிசி கேட்டால் ஏன் என்று கேளுங்கள். தயிர் நம் ஊரில் கிடைப்பதுபோல் வேறெங்கும் கிடையாது. ஐஸ்கிரீமுக்குப் பதில் எருமைத் தயிர்ச் சட்டியும் பாணியும் வைத்தால் செலவும் அடங்கும், வெளியூர்க்காரரும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கம் வலீமா என்ற கல்யாண விருந்துக்குச் சஹன், அதாவது பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டு, வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. ஒரு சஹனுக்கு ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து எழும்புவதால், எத்தனை சஹன் போனது, எத்தனை மிச்சம் என்பது கண்முன்னே தெரியும். பஃபே வைத்தால் கடைசி ஆள் வரும்வரை ஒன்றும் தெரியாது.

நான்காவது வேலை: இரண்டையும் ஒரே தாளில் போடுவது

இனி எண்கள். இவை முறை விளங்குவதற்காக நான் போட்ட விலைகள். உங்களுக்குக் கிடைத்த கொட்டேஷன்களை அந்தந்த இடத்தில் மாற்றிப் போடுங்கள்.

350 பேருக்குப் பேக்கேஜ், தலைக்கு 4,500. பெருக்கினால் 15 இலட்சத்து 75 ஆயிரம். சேவைக் கட்டணமும் வரியுமாக 28 வீதம் கூட்டினால் 20 இலட்சத்து 16 ஆயிரம். பேக்கேஜில் இல்லாத புகைப்படம், வீடியோவுக்கு 2 இலட்சம், கூடுதல் ஒரு மணித்தியாலத்துக்கு 40 ஆயிரம். ஆக 22 இலட்சத்து 56 ஆயிரம்.

உதிரியில் சாப்பாடு தலைக்கு 2,200 வீதம் 7 இலட்சத்து 70 ஆயிரம். குளிர்பானமும் இனிப்பும் 90 ஆயிரம், கோப்பை கதிரை வாடகை 80 ஆயிரம், பரிமாறுபவர்கள் 60 ஆயிரம். இவை ஆளோடு ஏறி இறங்கும் செலவுகள், மொத்தம் 10 இலட்சம். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நிற்கும் செலவுகள் வேறு: மண்டபம் ஒன்றரை இலட்சம், ஜெனரேட்டரும் கழுவும் கூலியும் 50 ஆயிரம், சோடனை 2 இலட்சம், ஒலி ஒளி 60 ஆயிரம், புகைப்படம் வீடியோ 2 இலட்சம், கேக் 45 ஆயிரம், வாகனம் 50 ஆயிரம். இது 7 இலட்சத்து 55 ஆயிரம். இரண்டையும் கூட்டி, மறந்துபோனவற்றுக்காகப் பத்து வீதம் ஏற்றினால் 19 இலட்சத்து 30 ஆயிரம் வருகிறது. அந்தப் பத்து வீதத்தைத் தவிர்க்காதீர்கள். மறந்துபோனது ஒன்றாவது கட்டாயம் இருக்கும்.

இத்தோடு நிறுத்தினால் உதிரி மூன்றேகால் இலட்சம் இலாபம். ஆனால் சொந்தக்காரர் ஆறு பேர் நாலு நாள் லீவு போட்டு ஓடியதற்கு யார் கணக்குப் போடுவது? நாளுக்கு 3,000 என்று பார்த்தாலும் 72 ஆயிரம். அதையும் ஏற்றினால் இலாபம் இரண்டரை இலட்சமாகிறது.

இப்போது சாப்பிட்ட தலைக்கு வாருங்கள். 350 பேரும் வந்தால் பேக்கேஜில் ஒருவருக்கு 6,450 ரூபாய் அளவில் விழுகிறது. வந்தது 270 பேர் என்றால் அதே பில்லில் ஒருவருக்கு 8,350. உதிரியில் 350 பேருக்கு, உழைப்பைச் சேர்க்காமல், 5,500 அளவு. சமைத்தபிறகு 270 பேர்தான் வந்தார்கள் என்றால் 7,150. இரண்டு நாள் முன்பே மழையையோ வேலைநிறுத்தத்தையோ பார்த்துச் சாப்பாட்டுச் சாமானை மட்டும் குறைத்திருந்தால் 6,400. பேக்கேஜில் அந்த இரண்டு நாள் முன் குறைப்பு கிடையாது.

அடுத்து ஆட்களைக் குறைத்துப் பாருங்கள், படம் மாறும். 120 பேர் மட்டும் என்றால் பேக்கேஜ் 9 இலட்சத்து 31 ஆயிரம். உதிரி 12 இலட்சத்தைத் தாண்டுகிறது. மேடையும் மண்டபமும் கமெராவும் ஆள் குறைந்ததற்காகக் குறைவதில்லை. சின்ன மண்டபமும் சின்ன மேடையும் எடுத்தால் கொஞ்சம் இறங்கும், ஆனால் பேக்கேஜை எட்டிப்பிடிப்பது கஷ்டம். நான் போட்ட விலைகளில் இரண்டும் சமனாவது 225 பேரளவில். சொந்தக்காரரின் உழைப்பையும் சேர்த்தால் 250. அதற்குக் கீழே இருப்பவர்கள் பேக்கேஜைப் பார்க்கலாம், அதற்கு மேலே உதிரிக்கு இடமுண்டு. உங்கள் விலைகளுக்கு அந்தச் சந்திப்பு எங்கே விழுகிறது என்று கட்டாயம் கண்டுபிடியுங்கள். இந்த முழு வேலையிலும் அதுதான் பிரதானம்.

ஐந்தாவது வேலை: நாள்

முகூர்த்தத்தை ஐயர் சொல்வார், விலையைக் காலம் சொல்லும். தை பிறந்ததும் டவுன் மண்டபங்களில் இடம் கிடையாது; சோடனைக்காரர் தொலைபேசியை எடுக்கவே மாட்டார். ஆனால் பாசிக்குடா, அறுகம்பை ஹோட்டல்களுக்கு அப்போது ஆளில்லாத காலம். உல்லாசப் பயணிகள் வருவது பெரும்பாலும் ஏப்ரல் தொடங்கிச் செப்டெம்பர் வரை. ஆகவே தை, மாசியில் ஹோட்டலில் பேரம் பேசலாம், மண்டபத்தில் பேச முடியாது. வைகாசி, ஆவணியில் ஹோட்டலில் பேரம் பேசுவது கஷ்டம்.

மழையை மறந்துவிடாதீர்கள். கார்த்திகை, மார்கழி முடிந்து தை பிறந்தபிறகும் வடகீழ்ப் பருவக்காற்று உடனே விட்டுப்போவதில்லை. திறந்தவெளி மேடை என்றால் தகரக் கொட்டகைக்குத் தனியாக எழுதுங்கள். வைகாசியில் கிராமத்தில் வைப்பதென்றால் கண்ணகி அம்மன் சடங்கு எப்போது என்று முதலில் பாருங்கள். கோயில் கதவு திறந்து, கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை ஊரில் பாதிப்பேர் மச்ச மாமிசம் தொடமாட்டார்கள். சவுண்ட்காரரும் லைட்காரரும் கோயிலில் நிற்பார்கள்.

ஆறாவது வேலை: முற்பணமும் எழுத்தும்

இதில் சொல்ல அதிகமில்லை. யாருக்கும் பாதிக்கு மேல் முற்பணம் வேண்டாம். ஒவ்வொரு முற்பணத்துக்கும் பற்றுச்சீட்டு, அதில் திகதி, நேரம், என்னென்ன தருவார் என்ற விபரம். நாள் தள்ளிப்போனால் முற்பணம் புது நாளுக்கு மாறுமா என்பதையும் எழுத வையுங்கள். வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தால் துடக்கில் கல்யாணம் நடக்காது. நமக்கு இது வெறும் பேச்சல்ல.

நடுவழி

இரண்டையும் பட்டுத் தெரிந்தபின், தங்கையின் கடைசி மகளின் வரவேற்பில் கலந்து செய்தோம். மண்டபமும் சாப்பாடும் பரிமாறுதலும் ஒரே இடத்தில். சோடனை, புகைப்படம், கேக், இசை எங்கள் கையில். சோறு போதாமல் போகும் பயம் அவர்களுக்கு, அளவுக்கு மீறிச் சோடிக்கும் ஆசையை அடக்குவது எங்களுக்கு. உறுதி 260, மேலே 40 பேர் வரை அதே விலை என்று எழுதி வாங்கியிருந்தேன்.

கோப்பை எண்ணுவதை மட்டும் விடவில்லை. இம்முறை ஹோட்டல்காரரையும் பக்கத்தில் நிறுத்தி, இருபது இருபதாக அடுக்கி எண்ணினோம். 281 வந்தது. அவர் துண்டில் கையெழுத்துப் போட்டார். "சேர், நீங்கள் கணக்கு வாத்தியாரா?" என்று கேட்டார்.

"இல்லை, தமிழ்" என்றேன்.

மிச்சமாகியிருந்த ஒன்றரைச் சட்டித் தயிரைத் தங்கை வானில் ஏற்றிவிட்டாள்.